வகுப்புப் பிரதிநிதியா, நிர்வாகத்தின் மேஸ்திரியா?

நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ரிங் பிரேமில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப் போன சைடரின் மகள் பி.காம். படிக்கிறாள். நாற்று நட்டு முதுகு வளைந்த தாயின் மகன் பொறியியல் படிக்கிறான். நம் பாட்டன்மார் கனவிலும் காணாத காரியம் இது. யாரும் தர்மமாகக் கொடுத்ததல்ல. போராடிப் பெற்றது.

ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறோம். பிள்ளை என்ன மார்க்கு வாங்கினான், கட்டணம் எவ்வளவு, பஸ் பாஸ் வந்ததா என்று விசாரிக்கிற நாம், அந்தக் கல்லூரிக்குள் அவன் எப்படி நடத்தப்படுகிறான் என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா? மில்லில் மானேஜர் ஒரு சொல் அதிகமாகப் பேசினால் மறுநாள் கேட் மீட்டிங் போடுகிறோம். நம் பிள்ளை மூன்று வருஷம் வாய் திறக்காமல் இருந்து பட்டம் வாங்கி வந்தால் 'நல்ல பிள்ளை' என்று மெச்சிக்கொள்கிறோம். இது என்ன நியாயம்?

இதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று ஏற்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, முதல் ஷிப்டு முடிந்த நேரம், நம் சங்கத் தோழர் ஒருவர் தம் மகளைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர். பெண் அருகிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருஷம். முகம் வாடியிருந்தது.

"மாமா, என்னைய கிளாஸ் ரெப்பாப் போட்டிருக்காங்க. இப்ப மேடம் கூப்பிட்டு, அந்த மனுவை எழுதினது யாரு, பேரைச் சொல்லுன்னு கேக்கறாங்க. என்னங்க மாமா பண்றது?" என்றாள்.

தகப்பனார் குறுக்கிட்டார். "படிக்கப் போன எடத்துல நமக்கெதுக்குங்க தோழர் இந்த வம்பு? பேரைச் சொல்லிட்டு வேலையப் பாருன்னு சொன்னா, கேக்க மாட்டீங்கறா."

விஷயம் இதுதான். அந்த வகுப்பில் 11 பேருக்கு உபகாரச் சம்பளம் வந்து சேரவில்லை. அத்தனை பேரும் கூலி வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலோர் ஆதி திராவிடக் குடும்பங்கள். பணம் கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சர்க்கார் தாமதம் செய்ததற்குப் பிள்ளைகள் எப்படிப் பொறுப்பாவார்கள் என்று கேட்டு வகுப்பே சேர்ந்து ஒரு மகஜர் எழுதியது. 54 பேர் கையெழுத்து. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் இந்தப் பெண். அவள்தானே வகுப்புப் பிரதிநிதி!

மகஜரில் உள்ள கோரிக்கைக்குப் பதில் இல்லை. "இதை எழுதியது யார்? தூண்டிவிட்டது யார்?" என்ற கேள்விதான் வந்தது. "நீ பிரதிநிதி, எனக்குத் தகவல் சொல்வதுதான் உன் வேலை" என்று துறைத்தலைவர் சொன்னாராம்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பிரதிநிதி என்றால் யாருக்குப் பிரதிநிதி? வகுப்பின் குரலை நிர்வாகத்திடம் கொண்டுபோகிறவரா, நிர்வாகத்தின் காதை வகுப்புக்குள் கொண்டுவருகிறவரா?

பழைய மில் தொழிலாளர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஜாபர் என்றும் மேஸ்திரி என்றும் ஒருவன் இருந்தான். அவனும் தொழிலாளியாக இருந்தவன்தான். நம்மோடு சேர்ந்து டீ குடித்தவன்தான். முதலாளி அவனைப் பொறுக்கியெடுத்து மற்றவர்களுக்கு மேலே வைத்தான். வேலைக்குச் சேர்ப்பது அவன், லீவு கொடுப்பது அவன், யார் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறான் என்று ஆபீசில் போய்ச் சொல்வதும் அவன். வேலை கொடுக்க லஞ்சம் வாங்கும் இந்த ஜாபர் முறையைப் பற்றி, வெள்ளைக்காரன் நியமித்த விட்லி கமிஷனே 1931-இல் தன் அறிக்கையில் எழுதி வைத்தது. கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு மேஸ்திரியைத் தெரியாவிட்டாலும் பண்ணையின் காரியக்காரரைத் தெரியும். ஐயா வயலுக்கு வரமாட்டார், காரியக்காரர்தான் வருவார். கல்லூரியில் துறைத்தலைவர் எதிர்பார்த்ததும் இப்படி ஒரு மேஸ்திரியைத்தான். சம்பளமில்லாத மேஸ்திரி என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்தப் பெண் எப்படிப் பிரதிநிதி ஆனாள்? வகுப்பு தேர்ந்தெடுக்கவில்லை. முதல் நாள் ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்து, முந்தைய வருஷத்து மார்க்கைப் பார்த்து, "நீயும் அந்தப் பையனும் ரெப்" என்றார். அவ்வளவுதான் தேர்தல். பிறகு என்ன வேலை? சாக்பீசு எடுத்து வருவது, டஸ்டர் கொண்டுவருவது, ஜெராக்ஸுக்குக் காசு வசூல் செய்வது, பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதியை வாட்ஸ்அப்பில் போடுவது, ஆசிரியர் வராத மணி நேரத்தில் யார் சத்தம் போட்டார்கள் என்று எழுதிவைப்பது. இதிலும் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. காசு வசூலும் கணக்கும் பெண்பிள்ளைக்கு; பிரின்சிபால் அறைக்குப் போய்ப் பேசுவது பையனுக்கு! நம் வீட்டில் நடப்பதுதானே கல்லூரியிலும் நடக்கும் என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரிப்பதோடு கொஞ்சம் வெட்கப்படவும் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்த்தோம். மில்லில் சங்க வேலை செய்கிறவன் முதலில் ஸ்டாண்டிங் ஆர்டரைப் படிக்கிற பழக்கம்தான் இது.

2005 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவின்படி, மாணவர் தேர்தல்களைப் பற்றி ஆராய மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ அதன் தலைவர். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 22-இல் அதை அமல்படுத்தும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. மாணவர் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதுதான் அறிக்கையின் சாரம். நிர்வாகமே நியமிக்கும் முறையில் பல குறைகள் உண்டு, அது தற்காலிக ஏற்பாடாக மட்டுமே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அப்படி நியமிக்கும்போதுகூட வெறும் மார்க்கை மட்டும் பார்த்து நியமிப்பது உசிதமல்ல என்றும் சொல்லியிருக்கிறது. மாணவர்கள் முதலில் வகுப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது, அந்தப் பிரதிநிதிகள் கூடிப் பேரவை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது என்ற முறையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேரளத்துக் கல்லூரிகள் பலவற்றில் இந்த முறை பழக்கத்தில் உண்டு. அதாவது வகுப்புப் பிரதிநிதி என்பவர் சாக்பீசு தூக்குகிறவரல்ல. அந்த முறையில் கல்லூரி ஜனநாயகத்தின் அஸ்திவாரக் கல்லே அவர்தான்.

லிங்டோ கமிட்டி சொன்ன எல்லாமே நமக்குச் சம்மதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது என்றது. நல்ல விதி. பணக்காரன் பிள்ளை காரில் பிரியாணி கொண்டுவந்து இறக்கி ஓட்டு வாங்குவதை இது தடுக்கும். ஆனால் 75 சதவீதம் வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மாலையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்த் தன் கட்டணத்தைத் தானே சம்பாதிக்கிற பையனுக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தால், அவன் தன் வகுப்புக்காகப் பேசத் தகுதி இழந்தவனா? சட்டசபைக்கு நிற்கிறவனிடம் யாராவது மார்க்கு ஷீட்டு கேட்கிறார்களா? நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு தடவைதான் நிற்கலாம் என்ற விதியும் அப்படித்தான். அனுபவம் வருகிற நேரத்தில் ஆளை வெளியே தள்ளுகிற விதி அது. அரசியல் கட்சிகளோடு எந்தச் சம்பந்தமும் கூடாது என்பதைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. 18 வயது ஆனவனுக்கு 1989 முதல் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு. பிரதம மந்திரி யார் என்று தீர்மானிக்கலாமாம், தன் வகுப்பில் யார் பிரதிநிதி என்று தீர்மானிக்கக் கூடாதாம்!

இந்த உத்தரவு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தோழர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் ஒழுங்காக நடப்பதில்லை. தற்காலிகம் என்றது நிரந்தரமாகிவிட்டது. பதிலியாக வந்தவனைப் பத்து வருஷம் பதிலியாகவே வைத்திருக்கும் மில் முதலாளியின் தந்திரம் கல்லூரிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வகுப்புக் கமிட்டி உண்டு. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அதில் இருப்பார்கள். மாணவர் தரப்பில் குறைந்தது 4 பேர், வழக்கமாக 2 ஆண், 2 பெண் இருப்பார்கள். தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஆசிரியராக இருக்க வேண்டும். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை இரண்டு நாளுக்குள் கல்லூரித் தலைவரிடம் கொடுத்து, சம்பந்தப்பட்ட மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். நமக்குத் தெரிந்த நாலைந்து பொறியியல் மாணவர்களிடம் "அந்தக் குறிப்பைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டோம். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் வொர்க்ஸ் கமிட்டியைப் பற்றிச் சொன்னது முதிய தோழர்களுக்கு நினைவிருக்கும். 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் கமிட்டி அமைக்கும்படி சர்க்கார் உத்தரவிடலாம். தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது. அவர்களைச் சங்கத்தைக் கலந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டம் அப்படி. நடைமுறையில் எத்தனை மில்லில் முதலாளி தன் ஆட்களைக் கமிட்டியில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, காண்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசவிட்டான்? அந்தக் கமிட்டிகளில் நாம் உள்ளே நுழைந்து, போனஸ் பற்றியும் வேலைப் பளு பற்றியும் பேச வைத்தது லேசில் நடந்ததல்ல.

கல்லூரியிலும் இப்படி இரண்டு விதமான கமிட்டிகள் இருக்கின்றன. 2015-ஆம் வருஷத்து யு.ஜி.சி. விதிகளின்படி, பெண்கள்மீதான பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் கமிட்டியில், மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரமானால் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒளிவுமறைவில்லாத ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்று எழுத்திலேயே இருக்கிறது! ஆனால் 2023-இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளைப் பாருங்கள். குறைதீர்க்கும் கமிட்டியில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்; மாணவர் ஒரே ஒருவர். அவரும் படிப்பிலோ விளையாட்டிலோ கெட்டிக்காரர் என்று நியமிக்கப்படுகிறவர், 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பெயரில். கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. குறை யாருக்கோ, அதைத் தீர்க்கிற இடத்தில் அவன் விருந்தாளி!

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே நாம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று நாம் ஒரு தப்பு செய்யப் பார்த்தோம். கேட்ட மாத்திரத்தில் ரத்தம் கொதித்தது. "நாளைக் காலை கேட்டில் ஐம்பது தொழிலாளரோடு வந்து நிற்கிறோம், பார் கண்ணு" என்றோம்.

பெண் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க மாமா. நீங்க கேட்டுக்கு வந்தா, இது பசங்க எழுதுன மனு இல்ல, மில்லுக்காரங்க கிளப்பிவிட்டதுன்னு சொல்லிருவாங்க. எங்க கிளாஸ்லயே பாதிப் பேர் பயந்துக்குவாங்க."

பதினெட்டு வயதுப் பெண். நாம் கட்சியில் முழுநேர ஊழியராக இருப்பது அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து. அவளுக்குத் தன் வகுப்பு தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. ஜனங்களிடமிருந்து கற்றுக்கொள் என்று மேடையில் பேசுவது சுலபம்.

பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பேசினோம். மூன்று காரியம் தெளிவாயிற்று. ஒன்று, யார் எழுதியது என்று பெயர் சொல்லக் கூடாது. எழுதியது வகுப்பு, 54 கையெழுத்தும் இருக்கிறது, வேண்டுமானால் 54 பேரையும் கூப்பிடட்டும். இன்னொன்று, இனிமேல் தனியாக அந்த அறைக்குள் போகக் கூடாது. மில்லில் ஒரு தொழிலாளியை மட்டும் ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அடுத்த மகஜரில் கையெழுத்தை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுவது என்பது அவளே சொன்ன யோசனை. யார் முதல், யார் கடைசி என்று கண்டுபிடிக்க முடியாதாம். இந்த வித்தை சங்கத்துக்கும் பழையதுதான் என்று சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தாள்.

சட்டப் பக்கத்தையும் எழுதிக் கொடுத்தோம். சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதி திராவிட, பழங்குடிப் பிள்ளைகளின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதற்கு 2012-இல் 92-ஆம் நம்பர் அரசாணை வந்தது. மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உபகாரச் சம்பளத் திட்டத்துக்கு 2021-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், இந்தப் பிள்ளைகள் முன்பணம் கட்டாமலே சேர்வதற்கு ஒரு அட்டை கொடுக்கச் சொல்லின. ஆகவே 'பணம் கட்டு, பிறகு சர்க்காரிடம் வாங்கிக்கொள்' என்று மிரட்டுவது அநியாயம் மட்டுமல்ல. இந்த உத்தரவுகளின் நோக்கத்துக்கே விரோதம். இதை மகஜரில் எண்ணோடும் வருஷத்தோடும் எழுதினால் அதன் மதிப்பே வேறு.

தகப்பனார் அப்போதும் சமாதானமாகவில்லை. அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர் சொன்னது: "இண்டர்னல் மார்க்கு அவங்க கையில இருக்குதுங்க தோழர்." சரிதானே? மில்லில் நமக்கு சார்ஜ் ஷீட்டு; அங்கே இண்டர்னல் மார்க்கு. சார்ஜ் ஷீட்டுக்காவது விசாரணை உண்டு, லேபர் ஆபீசர் உண்டு, கோர்ட்டு உண்டு. இண்டர்னலில் 25-க்கு 12 போட்டுவிட்டால் யாரிடம் போவது? கல்லூரியில் சேரும்போதே 'எந்தக் கிளர்ச்சியிலும் ஈடுபட மாட்டேன்' என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கல்லூரிகளும் இருக்கின்றன. மகளைக் கரை சேர்க்க வேண்டும் என்ற கவலையில் அப்பன் கையெழுத்துப் போடுகிறான். தன் மில்லில் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினால் கிழித்துப் போட்டிருப்பான்!

தேர்தல் வைத்தால் கல்லூரியில் கத்திக்குத்து நடக்கும் என்று ஒரு பயமும் பெற்றோரிடம் இருக்கிறது. இதைப் பிற்போக்குவாதிகளின் பிரசாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் தயாராயில்லை. 2018 ஜூலை 2-ஆம் தேதி எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அபிமன்யு என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். இடுக்கி மலையில் வட்டவடைக் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை. இந்திய மாணவர் சங்கத்துத் தோழர். அந்தத் தாயின் அழுகையை மறக்க முடியாது. நம் பக்கத்து வாலிபர்களும் சில இடங்களில் எதிராளிமீது கை ஓங்கியிருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசினால் நம்மை யார் நம்புவார்கள்? ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். தேர்தலே இல்லாத நம் ஊரில் வன்முறை இல்லையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் பள்ளி மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அங்கே எந்தத் தேர்தல் நடந்தது? அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யும்படி 2024-இல் சொல்ல வேண்டி வந்ததே, ஏன்? சங்கம் இல்லாத இடத்தில் சாதி சங்கமாகிறது. வகுப்பில் கை தூக்கி ஓட்டெடுக்காவிட்டால், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆள் சேரும்.

தேர்தல் வந்ததும் சாதி மறைந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. ஊராட்சித் தேர்தலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 11 பிள்ளைகளுக்காக 54 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதி 43 பேரில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை வீடு வீடாக, ஹாஸ்டல் அறை அறையாகப் பார்த்துப் பேசிச் சேர்த்தது ஒரு சைடரின் மகள்.

நம் தோழர்களிலேயே வேறொரு அபிப்பிராயமும் உண்டு. "நிர்வாகம் நியமிக்கிற பதவி கருங்காலிப் பதவி. நம் பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது" என்கிறார்கள். கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. நாம் இதை ஏற்கவில்லை. நம் பிள்ளை விட்டுக்கொடுத்தால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? நிர்வாகத்தின் செல்லப்பிள்ளை ஒருவன் வந்து உட்காருவான். நியமித்தாலும் ஏற்றுக்கொள், ஆனால் மறுநாளே வகுப்பின் முன்னால் நின்று, "என்னை ஆசிரியர் நியமித்தார், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு ஓட்டெடு. சம்மதமில்லை என்றால் இறங்கிவிடு. வசூல் செய்த காசுக்கு, அது ஜெராக்ஸுக்கு வாங்கிய இரண்டு ரூபாயானாலும், கணக்கை எல்லாரும் பார்க்கும்படி போடு. சங்கத்தில் கணக்குச் சொல்லாத பொருளாளரை நாம் என்ன செய்வோம்? பிரின்சிபாலிடம் என்ன பேசினாய், அவர் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே வகுப்பில் சொல்லிவிடு. இப்படி நடந்துகொள்கிறவளை யார் நியமித்தால் என்ன?

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை எதிரிகளாக நினைப்பது தப்பு. தொகுப்பூதியத்தில், நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று தெரியாமல், எம்.ஏ., பி.எச்டி. எல்லாம் படித்துவிட்டு நம் பதிலித் தொழிலாளி மாதிரி உழைக்கிற விரிவுரையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அரசாணை நகலை எடுத்துக் கொடுத்ததே அந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர்தான். "என் பேரு வெளிய வரக் கூடாது" என்று சொன்னாராம். பாவம்.

பிறகு என்ன நடந்தது? மறுநாள் அவள் தனியாகப் போகவில்லை. ஆறு பேர் போனார்கள். "வகுப்பு எழுதியது" என்றாள். இரண்டாவது மகஜரையும் கொடுத்தாள், வட்டக் கையெழுத்தோடு, அரசாணை எண்ணோடு. அந்த வாரமே அவளைப் பிரதிநிதிப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு டாக்டர் வீட்டுப் பையனைப் போட்டார்கள். அந்தப் பையன், நல்ல பிள்ளை, அதே மகஜரை எடுத்துக்கொண்டு மறுபடி போனான்! நிர்வாகம் இதை எதிர்பார்க்கவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் மாலை 5 மணிக்கு 11 பேருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். உபகாரச் சம்பளம் வந்ததும் பணம் கட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

பெண்ணுக்கு அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தில் இண்டர்னல் குறைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் நம்பவில்லை. சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க நம்மிடம் காகிதமும் இல்லை. தகப்பனார் இரண்டு வாரம் நம்மோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் வாரம் சந்தா கொடுக்க வந்தவர், போகிறபோது வாசலில் நின்று, "அந்த 92-ஆம் நம்பர் ஆர்டரு நகல் இன்னொண்ணு இருக்குங்களா தோழர்? எங்க லைன்ல கார்டிங்ல ஒருத்தரு பையன் காலேஜ் சேர்றான்" என்று கேட்டார்.

நகல்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. லிங்டோ கமிட்டி அறிக்கையில் வேண்டிய பக்கங்களும், 2015, 2023 விதிகளும், வகுப்புக் கமிட்டி விதியும் தமிழில் சுருக்கி எழுதி வைத்திருக்கிறோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் உள்ள தோழர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெண்பிள்ளைகளை அவசியம் கூட்டி வாருங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தங்கள் கிராமத்தில் எத்தனை பேருக்கு உபகாரச் சம்பளம் பாக்கி என்று கல்லூரிவாரியாகக் கணக்கெடுத்து அனுப்பினால், மாணவர் சங்கத் தோழர்களோடு சேர்ந்து கலெக்டரிடம் கொடுக்கலாம்.